வீடு கிடைத்துவிட்டது, ஆள் கிடைத்தாரா? செட்டிநாட்டில் குழந்தைகள் இல்லம் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டில் குழந்தைகள் இல்லம் தொடங்க யோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு வீட்டுச் சாவியோடு வருகிறார்கள். "கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீடு பூட்டியே கிடக்கிறது. ஐம்பது பிள்ளைகள் தாராளமாகத் தங்கலாம்" என்பார்கள். இந்த வட்டாரத்தில் வீடு கிடைக்கும், அரிசி மூட்டை கிடைக்கும், முகூர்த்த நாளில் வடை பாயசத்தோடு சாப்பாடும் வந்து இறங்கும். நடுஇரவில் கெட்ட கனவு கண்டு விழித்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அடுத்த வருடமும் அதே இடத்தில் இருக்க, ஓர் ஆள் கிடைப்பதுதான் அரிது. எனவே சாவியை இப்போதைக்குப் பைக்குள் வையுங்கள். கட்டடத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இல்லம் தேவையா என்று முதலில் பாருங்கள்

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015, குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. வேறு எதுவும் சரிப்படவில்லை என்றால் மட்டுமே இல்லம். நடைமுறையிலும் அதுதான் நியாயம். இல்லங்களில் வளரும் பிள்ளைகள் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார், பாட்டி இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார். வறுமைதான் பிள்ளையை வெளியே தள்ளியிருக்கிறது.

வறுமைக்கு மருந்து பணம். அதைப் பாட்டியின் கையில் கொடுத்தால் பிள்ளை வீட்டிலேயே வளரும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவுத் திட்டம் இருக்கிறது. தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். தமிழக அரசு 2025இல் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். வளர்ப்புப் பராமரிப்பு என்ற ஏற்பாட்டில் வேறொரு குடும்பம் பிள்ளையைக் குறிப்பிட்ட காலத்துக்கு வளர்க்கலாம். உங்கள் ஊரைச் சுற்றி இப்படித் தகுதியிருந்தும் விண்ணப்பிக்கத் தெரியாத குடும்பங்கள் எத்தனை என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். சில மாதங்கள் அந்த வேலையை மட்டும் செய்து பாருங்கள். அதிலேயே மனம் நிறைந்து, இல்லம் கட்டும் எண்ணத்தை விட்டவர்களும் உண்டு. அவர்கள் செய்தது சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை.

இல்லம் தேவைப்படும் பிள்ளைகள் வேறு. வீட்டுக்குள்ளேயே அடியும் துன்புறுத்தலும் அனுபவித்தவர்கள், கிடை ஆடு மேய்க்கவோ செங்கல் சூளையிலோ கொத்தடிமையாக விடப்பட்டு மீட்கப்பட்டவர்கள், பஸ் நிலையத்தில் தனியாகக் கண்டெடுக்கப்பட்டு உறவினர் யாரென்றே தெரியாதவர்கள். உங்கள் இல்லம் இவர்களுக்கானது. அதற்கேற்ற மனமும் ஆட்களும் வேண்டும்.

எந்த மாவட்டம், எந்தச் சட்டம்

செட்டிநாடு ஒரே நிலப்பரப்பாக இருந்தாலும் நிர்வாகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை மாவட்டம். ராயவரம், கோனாபட்டு புதுக்கோட்டை மாவட்டம். வீடு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்த மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவும் ஆட்சியரும்தான் உங்களுக்கு மேலே. காரைக்குடியில் கடை வைத்திருக்கிறோம், சிவகங்கையில் எல்லோரையும் தெரியும் என்பதெல்லாம் கோனாபட்டு வீட்டுக்கு உதவாது.

அடுத்து, நீங்கள் நடத்தப்போவது விடுதியா இல்லமா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பெற்றோர் இருந்து, படிப்பதற்காகத் தங்க வைப்பது விடுதி. அதற்கு 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளை வைத்திருந்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின் கீழ் பதிவு வேண்டும். விடுதி என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டு உள்ளே ஆதரவற்ற பிள்ளைகளை வைப்பது இந்தப் பக்கம் கேள்விப்படாத விஷயமல்ல. அது பிடிபடும்.

பதிவுக்கான விண்ணப்பம் விதிகளில் 27ஆம் படிவம். அறக்கட்டளை அல்லது சங்கத்தின் ஆவணம், நிர்வாகிகள் பட்டியல், முந்தைய மூன்று ஆண்டு வரவு செலவு அறிக்கை, இதுவரை செய்த சமூகப் பணியின் விவரம், குழந்தைகளுக்கு எதிரான குற்றத்திலோ குழந்தைத் தொழிலாளர் வழக்கிலோ தொடர்பில்லை என்ற உறுதிமொழி ஆகியவை கூடவே போக வேண்டும். மூன்று ஆண்டுக் கணக்கு கேட்பதைக் கவனித்திருப்பீர்கள்: நேற்றுப் பதிவுசெய்த அறக்கட்டளையோடு இன்றைக்குப் போய் நிற்பது கடினம். விண்ணப்பம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் தற்காலிகப் பதிவு தரலாம், அதிகபட்சம் ஆறு மாதத்துக்கு. முழுப் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். எத்தனை பிள்ளைகள், எந்த வகை இல்லம் என்பதும் அதில் எழுதப்படும். முப்பது என்று எழுதியிருந்தால் முப்பதுதான்.

பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டு இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி 2007இல் தொடங்கிய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் நாடு முழுவதும் எல்லா இல்லங்களையும் பதிவுசெய்யச் சொன்னது. அந்தக் கெட்ட பெயர் நம் மாநிலத்துக்குச் சேர்ந்ததை மறக்காமல் இருப்பது நல்லது.

யாரோ ஒரு மாமா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், புண்ணியமாகப் போகும்" என்பார். பிள்ளைக்குச் சோறு போடுங்கள், படுக்க இடம் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்துங்கள். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவின் ஆணை இல்லாமல் ஒரு பிள்ளையும் உங்கள் பதிவேட்டில் ஏறக் கூடாது, இறங்கவும் கூடாது. இரவானால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

ஆள் எடுப்பது

இல்லத் தாய், இல்லத் தந்தை, ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்), குழந்தை நல அலுவலர், சமையல்காரர், இரவுக் காவலர் என்று விதிகள் ஒரு பட்டியல் தரும். பட்டியலை நிரப்புவது எளிது. நான் வற்புறுத்துவது இல்லத் தாயைப் பற்றி. பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்று வையுங்கள். அந்தப் பத்துப் பேரை அடிக்கடி மாற்றாதீர்கள். எந்தப் பிள்ளைக்குக் காது வலி வரும், யாருடைய அப்பா குடித்துவிட்டுப் பார்க்க வருவார், யார் கணக்கு வீட்டுப்பாடத்தை ஒளித்துவைப்பான் என்பது அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்களையும் சத்துணவு அமைப்பாளர்களையும் தேடிப் பிடியுங்கள். பிள்ளைகளோடு பழகி, பதிவேடு எழுதி, அதிகாரிகளின் ஆய்வைச் சந்தித்துப் பழகியவர்கள். நேர்காணலில் சான்றிதழைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு பையன் தினமும் தலையணைக்கு அடியில் இட்லியை ஒளித்துவைக்கிறான். என்ன செய்வீர்கள்?" கண்டிப்பேன் என்பவரையும் அறிவுரை சொல்வேன் என்பவரையும் அனுப்பிவிடலாம். ஏன் ஒளிக்கிறான் என்று திருப்பிக் கேட்பவரை உட்கார வையுங்கள். பட்டினி கிடந்த பிள்ளை நாளைய சாப்பாட்டை நம்புவதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூடியுள்ள ஒரு டப்பாவும் அதில் கொஞ்சம் முறுக்கும் கொடுத்து, உன்னுடையது என்று சொன்னால் இட்லி தானாக நின்றுவிடும்.

எல்லோருக்கும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கட்டாயம் வாங்குங்கள். உங்கள் ஒன்றுவிட்ட தம்பிக்கும்தான். வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பு, மாற்று ஆள், மாதம் பிறந்ததும் சம்பளம். சேவை மனப்பான்மை என்று சொல்லிக் குறைந்த சம்பளம் கொடுத்தால், சேவை மனமுள்ளவரும் சுற்றுலா விடுதியில் வேலை கிடைத்த அன்றே போய்விடுவார். போவது அவர், மறுபடி ஒருமுறை கைவிடப்படுவது பிள்ளை.

ஊழியரை 'அம்மா' என்று கூப்பிடும்படி பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பல பிள்ளைகளுக்கு அம்மா இருக்கிறார். அக்கா, அத்தை, ஆச்சி எதுவாயினும் பிள்ளைக்கு வாயில் வருவது போதும்.

இனி வீடு

செட்டிநாட்டு வீடு என்றால் முதல் சிக்கல் பங்காளிகள். ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள் (திருமணமான குடும்பங்கள்) பங்குதாரர்களாக இருப்பார்கள். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் சென்னையில். எல்லோரும் கையொப்பமிட்ட, பதிவு செய்யப்பட்ட, ஐந்து ஆண்டுக்குக் குறையாத குத்தகைப் பத்திரம் வாங்குங்கள். திருமணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் குடும்பம் பூர்வீக வீட்டுக்குத் திரும்பி வருவது இங்கே வழக்கம். "இரண்டு நாள் மட்டும் பிள்ளைகளை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள்" என்ற பேச்சுக்கு இடமில்லை என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அது முடியாதென்றால் காரைக்குடியில் சாதாரண மாடி வீடு ஒன்றை வாடகைக்கு எடுப்பது மேல்.

இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் ஐம்பது பிள்ளைகள் உள்ள இல்லத்துக்கு அளவு சொல்கின்றன: படுக்கும் இடம் பிள்ளைக்கு 40 சதுர அடி, குளியலறை 5, கழிப்பறை 8. பழைய வீட்டில் சதுர அடி மிஞ்சும், கழிப்பறை பற்றாது. இருப்பதும் வீட்டின் பின்கோடியில், மூன்றாங்கட்டைத் தாண்டி இருட்டில் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளை இரவில் தனியாக அங்கே போகாது. படுக்கையிலேயே நனைத்துவிடும், அதற்கு யாராவது திட்டுவார்கள். ஆகவே முதல் செலவு கழிப்பறையும் அங்கே போகும் வழியில் விளக்கும்.

வளவை, அதாவது நடுமுற்றப் பகுதியைச் சுற்றியுள்ள சிற்றறைகள் பிள்ளைகள் படுக்க ஏற்றவை அல்ல. காற்று குறைவு, கதவு கனம், உள்ளே நடப்பது வெளியே தெரியாது. அவற்றைப் பொருள் வைக்க விட்டுவிட்டு, பெரிய கூடங்களைப் படுக்கையறை ஆக்குங்கள். வெளிப்பக்கத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். முன்தெருவிலிருந்து பின்தெரு வரை நீளும் வீடுகளில் இரு பக்கமும் வாசல் இருப்பது தீ விபத்து நேரத்தில் பெரிய வசதி. பின்வாசலுக்கு முன்னால் விறகை அடுக்கி அந்த வசதியைக் கெடுக்க வேண்டாம். கிணற்றுக்கு இரும்பு வலை மூடி, மொட்டை மாடிச் சுவருக்கு உயரம், ஊருணிப் பக்கம் தனியாகப் போகாதபடி கவனம். ஆத்தங்குடித் தளம் ஈரமானால் வழுக்கும். உயர்ந்த முகப்புப் படியில் சக்கர நாற்காலி ஏறாது. சாய்தளம் ஒன்று கட்டுங்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாம் ஒரு கோப்பில்.

பிள்ளை வந்த முதல் வாரம்

கேள்வி கேட்காதீர்கள். குளிக்க வெந்நீர், புதுத் துணி, சாப்பாடு, தன்னுடையது என்று ஓர் அலமாரித் தட்டு. கொண்டுவந்த பழைய சட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். துவைத்து மடித்து அந்தத் தட்டிலேயே வையுங்கள். அண்ணன் தங்கையாக வந்தால் ஒரே ஊரிலாவது இருக்கும்படி குழுவிடம் பேசுங்கள். மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். பல இல்லங்களில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாசகம், பெயர் மட்டும் மாறியிருக்கும். உங்கள் திட்டத்தில் ஒரு கேள்விக்குக் கட்டாயம் பதில் இருக்கட்டும்: இந்தப் பிள்ளை யாரிடம் திரும்பிப் போக முடியும், அதற்கு என்ன மாற வேண்டும்?

அடி கூடாது. சாப்பாட்டைக் குறைப்பது, வெயிலில் நிறுத்துவது, வீட்டுக்குப் பேச விடாமல் தடுப்பது எதுவும் கூடாது. இல்லத்தின் பொறுப்பில் உள்ளவரே குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. பாலியல் துன்புறுத்தல் பற்றிச் சந்தேகம் வந்தால்கூட போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். உள்ளுக்குள் விசாரித்து முடித்துவிடலாம் என்று எந்த நிர்வாகிக்கும் அதிகாரம் இல்லை.

பள்ளி

இல்லத்துக்குள்ளேயே பள்ளி நடத்த ஆசைப்படாதீர்கள். பக்கத்து அரசுப் பள்ளிக்கு நடந்தோ சைக்கிளிலோ போகட்டும். ஊர்ப் பிள்ளைகளோடு சண்டை போடட்டும், சேர்ந்து விளையாடட்டும். பிறப்புச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று ஆறிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சேர்க்கை மறுக்க 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தலைமையாசிரியரிடம் பணிவாக, ஆனால் கையில் சட்டப் பிரிவோடு பேசுங்கள்.

நல்ல எண்ணத்தில் செய்யும் ஒரு காரியம் பிள்ளைக்கு நட்டமாக முடிவது இங்கேதான். கொடையாளர் ஒருவர், "நான் பீஸ் கட்டுகிறேன், மெட்ரிக் பள்ளியில் போடுங்கள்" என்பார். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே எந்தப் பள்ளி, எந்த வழியில் படித்தார்கள் என்று பார்ப்பார்கள். ஐந்தாம் வகுப்பு முடியும் பிள்ளையின் பள்ளியை மாற்றும் முன் இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை உங்களிடம் நிச்சயம் வரும். மாலையில் எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் 'ஸ்டடி' என்று மணியடிப்பது அவனுக்கு வெறும் காவல். அவனுக்குத் தனியாக அரை மணி நேரம், பெரியவர் ஒருவர், சத்தமாக வாசிக்க ஒரு கதைப் புத்தகம். காரைக்குடியில் கல்லூரி மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. வாரத்தில் குறிப்பிட்ட நாளில் தவறாமல் வருகிறவரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், சரிபார்ப்புச் சான்றோடு, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில். ஆசிரியர் தினத்துக்கு மட்டும் வந்து பாட்டுப் பாட வைக்கிறவர்கள் வேண்டாம்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு இல்லத் தாய் போக வேண்டும். புத்தகப் பையில் இல்லத்தின் பெயர் இருக்கக் கூடாது, வேனிலும் கூடாது.

கொடையாளர்கள்

இந்த ஊரின் கொடை மனம் பெரிது. அதை ஒழுங்குபடுத்துவது உங்கள் வேலை. அறுபதாம் கல்யாணம், பிறந்தநாள், நினைவு நாள் என்று சாப்பாடு வரும். வைகாசியில் ஒரே நாளில் மூன்று பாயசம், மார்கழியில் ஒன்றும் இல்லை. மண்டபத்தில் மிஞ்சி, மணிக்கணக்கில் வெளியே இருந்த சாதத்தை வாங்காதீர்கள், வாசலிலேயே மறுத்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பதிலாக ஓர் இல்லத் தாயின் ஓராண்டுச் சம்பளத்தை அப்பச்சி நினைவாகத் தரக் கேளுங்கள். பெயர்ப்பலகை வேண்டுமென்றால் அலுவலகச் சுவரில் வைத்துக்கொள்ளட்டும்.

"பிள்ளைகளை வரிசையாக நிற்கச் சொல்லுங்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறோம்" என்று கேட்பார்கள். "ஆச்சி, படம் வெளியே போனால் சட்டப்படி குற்றம். வாங்க, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்" என்று சொல்லலாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அப்படித்தான்: பிள்ளையின் அடையாளம் தெரியும்படி வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. சிலர் முகம் சுளிப்பார்கள். மறுபடி வருகிறவர்கள் நல்ல கொடையாளர்கள்.

மலேசியா, சிங்கப்பூர் உறவுகளிடமிருந்து வரும் பணத்தில் கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவும், அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும்.

ஆய்வு

மாவட்ட ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வரும். பதிவேடு அன்றன்றைக்கு எழுதியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகள் குழு ஒன்று அமைத்து, உணவுப் பட்டியலையும் புகார் பெட்டியையும் அவர்களிடம் விடுங்கள். வெங்காயச் சாம்பார் பற்றித்தான் பெரும்பாலான புகார் இருக்கும். அதற்கும் பதில் சொன்னால்தான் பெரிய விஷயம் நடக்கும்போது எழுதுவார்கள்.

பதினெட்டு வயது

பிறந்தநாளன்று பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பும் இல்லங்கள் இருக்கின்றன. சட்டம் 21 வயது வரை பிற்காப்புக்கு, அதாவது இல்லத்தை விட்ட பிறகும் ஆதரவு தருவதற்கு, வழி வைத்திருக்கிறது. அதற்கான ஏற்பாட்டைப் பதினாறு வயதிலேயே தொடங்குங்கள். ஆதார், சாதிச் சான்று, வங்கிக் கணக்கு, மதிப்பெண் சான்றிதழ்களின் நகல் ஒரு பையில். சமைக்க, துணி துவைக்க, பணம் எடுக்க, டிக்கெட் பதிவு செய்ய, மருத்துவரிடம் தனியாகப் போய் வியாதியைச் சொல்லத் தெரிய வேண்டும். ஐம்பது பேருக்கு மொத்தமாகச் சமைக்கும் இடத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஒருவருக்கு எவ்வளவு அரிசி என்பது தெரியாது. சின்னச் சமையலறை ஒன்றை ஒதுக்கிக் கொடுங்கள்.

மர வேலை, கண்டாங்கி நெசவு, ஆத்தங்குடிக் கல், பனையோலைக் கொட்டான் என்று இந்த மண்ணில் தொழில்கள் உண்டு. ஆசையுள்ள பிள்ளை கற்கட்டும். ஆனால் இல்லத்துப் பிள்ளை என்பதற்காக எல்லோரையும் கைத்தொழிலில் தள்ள வேண்டாம். அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் கட்டியது இவர்களும் படிக்கத்தான்.

கல்லூரி விடுதி விண்ணப்பத்தில் பாதுகாவலர் கையொப்பம் கேட்பார்கள். வாடகை அறைக்கு முன்பணமும் தெரிந்தவர் பெயரும் கேட்பார்கள். இரவில் மருத்துவமனையில் சேர்த்தால் உடன் வந்தது யார் என்பார்கள். அந்த மூன்றுக்கும் இல்லத்திலிருந்து யார் வருவார் என்பதை, இல்லத் தாயோ பொறுப்பாளரோ, பிள்ளைக்குப் பதினேழு வயது ஆகும்போதே முடிவு செய்து, அவருடைய கைப்பேசி எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் ஆக்கிவிடுங்கள்.